லேப்டாப்பில் வைஃபை இணையவில்லையா? எங்கே தொடங்குவது, எதைத் தொடக் கூடாது

வீட்டில் போனிலும் டிவியிலும் நெட் ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை. பலர் உடனே செய்வது இரண்டு: ரூட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்வது, அல்லது விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றுவது. இரண்டுமே பெரும்பாலும் தேவைப்படாது. முதலாவது, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நெட்டையும் சேர்த்து நிறுத்திவிடும்.

அறுந்திருப்பது எந்த இடத்தில் என்று முதலில் கண்டுபிடித்தால் மீதி வேலை சுலபம். கீழே உள்ள வரிசை அதற்குத்தான். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்கள் மட்டும் சற்றே மாறும். 10-ஆம் படி வரை எதற்கும் காசு செலவில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, ரூட்டரின் நிர்வாகப் பக்க முகவரி (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), அதற்கான பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும். இணைப்பு தரும் நிறுவனம் கொடுத்த வாடிக்கையாளர் எண்ணும், பயனர்பெயர், பாஸ்வேர்டு ஏதாவது கொடுத்திருந்தால் அவையும் தேவை.

லேப்டாப்பின் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். வாங்கிய பில்லையும் தேடி எடுங்கள். வாரன்டி மீதமிருந்தால் திருகாணியைத் தொடுவதற்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.

போனின் யூஎஸ்பி சார்ஜர் கேபிளும் வேண்டும். எதற்கு என்பது 5-ஆம் படியில் வரும்.

இன்னொன்று: உங்கள் லேப்டாப்பில் பிட்லாக்கர் (வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். பலருக்கு அது இயங்குவதே தெரியாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில்) எதையாவது மாற்றினால் அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவியைத் தாளில் எழுதிவைத்துவிட்டுத் தொடருங்கள்.

1. பழுது யார் பக்கம்? (5 நிமிடம்)

இரண்டே சோதனைகள். முதலில் போனை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. வைஃபையில் நெட் வராதபோது போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிவிடும், நீங்கள் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள்.

அடுத்து, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். பழைய லேப்டாப்பும் அதைப் பிடிக்கும்.

போனிலும் வீட்டு வைஃபையில் நெட் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தொட வேண்டாம், 2-ஆம் படியோடு நிறுத்தி, இணைப்பு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஹாட்ஸ்பாட் வேலை செய்கிறது, வீட்டு வைஃபை மட்டும் இல்லை என்றால் லேப்டாப்பின் வைஃபை கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. ரூட்டருக்கும் அதற்கும் இடையே அமைப்பில் ஏதோ பொருந்தவில்லை. புதுக் கார்டு வாங்கும் எண்ணத்தை இத்தோடு விட்டுவிடலாம். ஹாட்ஸ்பாட்டும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு லேப்டாப்பில்.

2. ரூட்டரை அணைத்துப் போடுங்கள், ரீசெட் செய்யாதீர்கள் (5 நிமிடம்)

மோடமும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். 30 விநாடி கழித்து மோடத்தை மட்டும் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்து எரியும் வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, பிறகு ரூட்டரைப் போடுங்கள். ஃபைபர் இணைப்பில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் சிக்னலே வரவில்லை. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. இழை எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரூட்டர் ஏறியதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் உடனே தெரியாவிட்டால் பதற வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. அந்தச் சேனலில் ரேடார் இல்லை என்று குறைந்தது ஒரு நிமிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே ரூட்டர் ஒலிபரப்பத் தொடங்கும்.

துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தான் வேறு சங்கதி. அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், இணைப்பு நிறுவனம் ரூட்டருக்குள் பதிந்துவைத்த பயனர்பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துவிடும். அவை உங்கள் கையில் இல்லை என்றால், அவர்கள் மறுபடி அமைத்துத் தரும் வரை வீடு முழுக்க நெட் இருக்காது.

3. லேப்டாப்பின் சுவிட்சுகள் (2 நிமிடம்)

டாஸ்க்பாரின் வலது மூலையில் சொடுக்கி ‘ஏர்பிளேன் மோட்’ அணைந்திருக்கிறதா, ‘வைஃபை’ எரிகிறதா பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானம் அல்லது கோபுரப் படம் போட்ட விசை இருந்தால் ‘எஃப்என்’ விசையோடு சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். துடைக்கும்போது கைபட்டு அழுத்திவிடுவது சகஜம். பழைய மாடல்களில் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ தள்ளும் சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் மென்பொருளில் என்ன செய்தாலும் பயனில்லை.

பிறகு லேப்டாப்பை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து திறப்பது அதே வேலை அல்ல. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் தன் உள்நிலையையும் டிரைவர்களின் (வைஃபை கார்டு போன்ற பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்கள்) நிலையையும் வட்டில் சேமித்துவைத்து, திறக்கும்போது அதையே எடுத்து வருகிறது. கோளாறும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஏறும்.

4. உங்கள் அறிகுறி எது?

வைஃபை ஐகானோ பட்டியலோ இல்லையென்றால் 5-ஆம் படி. மற்ற பெயர்கள் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லையென்றால் 6. பெயர் தெரிந்தும் உள்ளே விடவில்லையென்றால் 7. இணைந்தும் நெட் வரவில்லையென்றால் 8. வந்து வந்து அறுந்தால் 9. எல்லாப் படிகளையும் செய்ய வேண்டியதில்லை. உங்களுடையதற்கு நேரே போங்கள்.

5. வைஃபையே இல்லை என்கிறது (15 முதல் 40 நிமிடம்)

ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதை விரியுங்கள். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் என்று ஏதாவது ஒரு நிறுவனப் பெயரோடு ‘வைஃபை’ அல்லது ‘வயர்லெஸ்’ என்ற வரி இருக்க வேண்டும். அதை இரட்டைச் சொடுக்கு செய்தால் ‘டிவைஸ் ஸ்டேட்டஸ்’ கட்டத்தில் நிலை தெரியும்.

கோட் 22 என்றால் யாரோ முடக்கிவைத்திருக்கிறார்கள். ‘எனேபிள்’ செய்தால் போதும். கோட் 28 என்றால் டிரைவர் இல்லை. கோட் 10 என்றால் கார்டு தொடங்க மறுக்கிறது, 43 என்றால் கார்டே தனக்குக் கோளாறு என்று சொல்லி நின்றுவிட்டது. இந்தக் கடைசி இரண்டுக்கும், கார்டு பட்டியலிலிருந்தே காணாமல் போனதற்கும் முதல் மருந்து மின்சாரத்தை முழுதாக வடிப்பது. லேப்டாப்பை அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள், பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு சார்ஜரைப் போட்டுத் திறங்கள். கேட்க மந்திரம் போல இருந்தாலும் காரணம் எளிது: லேப்டாப் அணைந்திருக்கும்போதும் கார்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருப்பதால், சிக்கிக்கொண்ட கார்டு அதே நிலையிலேயே கிடக்கிறது.

அதற்கும் சரியாகவில்லையென்றால் டிரைவர். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். விண்டோஸ் அதைக் கம்பிவழி நெட் போல எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவைப்படுவது அபூர்வம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், போன் வைஃபையில் இருக்கும்போது டெதரிங் போட்டால் அந்த வைஃபைதான் கேபிள் வழியாக வரும், மொபைல் டேட்டா செலவாகாது. ஒரே அறிவுரை: கேபிள் டேட்டா கடத்துவதாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் டெதரிங் பொத்தானே இயங்காது.

டிரைவரை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். ‘எல்லா டிரைவரையும் தானே ஏற்றித் தருகிறேன்’ என்று விளம்பரம் வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் பழையதை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, ரீஸ்டார்ட் செய்து, புதியதை ஏற்றுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை வந்தது என்றால் புதிது தேடாமல், அதே ஜன்னலின் ‘டிரைவர்’ தாவலில் ‘ரோல் பேக்’ பொத்தானை அழுத்துவது விரைவான வழி.

கார்டு நன்றாக இருந்தும் பட்டியல் வரவில்லை என்றால், ஸ்டார்ட்டில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து ‘டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்’ என்ற வரியைப் பாருங்கள். ‘ஆட்டோமேட்டிக்’, ‘ரன்னிங்’ என்று இருக்க வேண்டும். கணினியை ‘வேகமாக்கும்’ மென்பொருள்கள் இதை நிறுத்திவைப்பதுண்டு.

6. அக்கம்பக்கத்துப் பெயர்கள் தெரிகின்றன, உங்களுடையது இல்லை

புது ரூட்டர் வந்த வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். காரணம் பெரும்பாலும் ரூட்டர் லேப்டாப்பை விட இளையது.

பழைய கார்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அவற்றுக்கு அது இல்லாத பொருள். 6 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் வைஃபை 6இ அல்லது அதற்குப் பிந்தைய கார்டும் விண்டோஸ் 11-உம் இரண்டும் தேவை. விண்டோஸ் 10-இல் கார்டு இருந்தாலும் அந்த அலைவரிசை தெரியாது.

இதைவிடக் குழப்பமான ஒன்று உண்டு. இன்டெல்லின் சில பழைய கார்டுகள், பழைய டிரைவரோடு இருக்கும்போது, வைஃபை 6 ரூட்டரின் பெயரைப் பட்டியலில் காட்டவே காட்டாது, 2.4 கிகாஹெர்ட்ஸிலும்கூட. ஹாட்ஸ்பாட் மட்டும் பளிச்சென்று தெரியும். டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். புதிய டிரைவர் கிடைக்காத கார்டு என்றால், ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 2.4-க்கு மட்டும் வைஃபை 6 முறையை அணைத்து, ‘பி/ஜி/என்’ என்று வையுங்கள். மற்ற கருவிகள் 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை 6-லேயே ஓடட்டும்.

சேனலும் ஒரு காரணம். ரூட்டர் தானாக 12 அல்லது 13-ஆம் சேனலைத் தேர்ந்திருந்தால், அமெரிக்க விதிப்படி அமைக்கப்பட்ட கார்டுகள் அதைப் பார்க்காது. 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை நீங்களே வையுங்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பது கூடுதல் லாபம்.

7. பெயர் தெரிகிறது, உள்ளே விடவில்லை

முதலில், சேமித்திருக்கும் இணைப்பை மறக்கச் செய்யுங்கள்: ‘செட்டிங்ஸ்’ > ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ > ‘வைஃபை’ > ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’, உங்கள் பெயருக்கு எதிரே ‘ஃபர்கெட்’. ரூட்டரில் பாஸ்வேர்டையோ பாதுகாப்பு முறையையோ மாற்றியிருந்தால் லேப்டாப் பழையதையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பாஸ்வேர்டை அடிக்கும்போது கண் படத்தை அழுத்தி, என்ன விழுகிறது என்று பாருங்கள். தமிழ்99 போன்ற விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் புள்ளிகளுக்குப் பின்னால் தமிழ் எழுத்து விழும், உங்களுக்குத் தெரியாது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். லேபிளில் சுழியத்தையும் ‘ஓ’ எழுத்தையும், ஒன்றையும் சிறிய ‘எல்’ எழுத்தையும் குழப்பிக்கொள்வது அடுத்த வழக்கமான பிழை. குறைந்தது 8 எழுத்து இல்லாமல் வைஃபை பாஸ்வேர்டு இருக்காது. உங்களிடம் உள்ளது அதைவிடக் குறைவென்றால் அது வைஃபைக்கானது அல்ல, ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கானது.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் ‘கான்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்’ என்று மட்டும் வருகிறதா? ரூட்டரில் பாதுகாப்பு ‘டபிள்யூபிஏ3’ (வைஃபையின் புதிய பூட்டு முறை) மட்டும் என்று வைத்திருப்பார்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முந்தையவை அதைப் பேசாது, பல பழைய டிரைவர்களும் பேசாது. ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். அதிலும் தடுமாறும் கார்டுகள் உண்டு. அவற்றுக்கு ‘டபிள்யூபிஏ2’, ‘ஏஇஎஸ்’ என்று வைத்துவிடுவதே நிம்மதி. பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், சோதனைக்கு என்றாலும்.

ரூட்டரில் ‘மேக் ஃபில்டர்’ (அனுமதித்த கருவிகளின் வன்பொருள் முகவரிப் பட்டியல்) போட்டிருந்தால் பட்டியலில் இல்லாத கருவி உள்ளே வராது. லேப்டாப்பில் ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரசஸ்’ இயக்கியிருந்தால், பட்டியலில் சேர்த்த லேப்டாப்பே வேறு முகவரியோடு போய் வாசலில் நிற்கும். அதை அணைத்துவிடுங்கள்.

8. இணைந்துவிட்டது, நெட் இல்லை

‘செட்டிங்ஸ்’ > ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ > ‘வைஃபை’யில் உங்கள் இணைப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ன என்று பாருங்கள். இந்த ஒரு எண் பாதி பதிலைச் சொல்லிவிடும்.

169.254 என்று தொடங்கினால், ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. ரூட்டரை அணைத்துப் போட்டு மறுபடி இணையுங்கள். சில ரூட்டர்களில் ஒரே நேரத்தில் இணையும் கருவிகளுக்கு வரம்பு உண்டு; பழைய போன் ஒன்றின் வைஃபையை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

192.168 அல்லது 10 என்று தொடங்கினால் முகவரி கிடைத்திருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் ‘ஐபி அசைன்மென்ட்’ எதிரே ‘மேனுவல்’ என்று இருக்கிறதா? அலுவலகத்திலோ வேறு ரூட்டருக்கோ கையால் போட்ட முகவரி அப்படியே கிடக்கும். ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். ‘டிஎன்எஸ்’ஸுக்கும் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) அதேதான்.

இப்போது ஸ்டார்ட்டில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திறந்து மூன்று பிங் (‘ping’ என்று அடித்து, இடம் விட்டு, முகவரியை அடித்தால் எதிர்முனை பதில் சொல்கிறதா என்று காட்டும்). முதலில் ரூட்டரின் முகவரிக்கு. பதில் இல்லையென்றால் கோளாறு உங்கள் அறைக்குள். அடுத்து 8.8.8.8-க்கு. ரூட்டர் பதில் சொல்லி இது சொல்லாவிட்டால் ரூட்டருக்கு அப்பால். மூன்றாவது ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்தான் குற்றவாளி, அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் வையுங்கள்.

மூன்றுக்கும் பதில் வந்தும் பிரவுசரில் எதுவும் திறக்கவில்லையா? மூன்று சந்தேகங்கள். ‘ப்ராக்ஸி’ (நெட்டை இடையில் வேறொரு கணினி வழியாக அனுப்புவது) அமைப்பில் அலுவலக முகவரி இருக்கலாம். விபிஎன் மென்பொருள் (நெட்டை மறையாக்கி வேறு இடம் வழியாக அனுப்புவது), தான் இணையாதபோது மற்ற எல்லா நெட்டையும் தடுத்துவைக்கலாம். மூன்றாவது, கணினியின் தேதி. தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை ஆகி, எந்தத் தளமும் திறக்காது. தேதியைத் திருத்தியும் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் பின்னால் போனால், மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்திருக்கிறது.

9. வந்து வந்து அறுகிறது

டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற முதல் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தத் தாவலே இருக்காது. அங்கே டிரைவரைப் புதுப்பிப்பதுதான் வழி.

2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அறுகிறதா, வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் அறுகிறதா என்று கவனியுங்கள். யூஎஸ்பி 3.0 கேபிள்களும் டிஸ்க்குகளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். நீளமான கேபிள் போட்டு டிஸ்க்கைத் தள்ளிவைப்பதோ 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதோ போதும்.

10. நெட்வொர்க் ரீசெட், கடைசியாக (10 நிமிடம்)

விண்டோஸ் 11-இல் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ உள்ளே, 10-இல் ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தின் அடியில் இருக்கும். எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அனைத்தும் போய்விடும். விபிஎன்னை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். அழுத்தியதும் ஐந்து நிமிடத்தில் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள்.

11. பாகம் வாங்குவதாக இருந்தால்

மின்சாரம் வடித்து, டிரைவர் மாற்றி, பயாஸில் ‘வயர்லெஸ்’ இயங்குவதையும் உறுதிசெய்த பிறகும் டிவைஸ் மேனேஜரில் கார்டு வரவில்லை என்றால் கார்டு போயிருக்கும், அல்லது இடத்திலிருந்து நழுவியிருக்கும். வாரன்டி இருந்தால் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் கோப்புகளுக்கு நகல் எடுத்துவிடுங்கள். கார்டு மாற்றும் வேலைக்கும் டிஸ்க்கை அழிக்கும் இடங்கள் உண்டு.

மலிவான, திருகாணி தேவைப்படாத வழி யூஎஸ்பி வைஃபை அடாப்டர். வாங்கும்போது இரண்டு அலைவரிசையும் உள்ளதாகப் பாருங்கள். மிகச் சிறிய, மிக மலிவானவை பெரும்பாலும் 2.4 மட்டுமே. சிலவற்றைச் செருகியதும் முதலில் சிடி டிரைவ் போலத் தோன்றும். அதற்குள் இருப்பது அதன் டிரைவர், அதை நிறுவிய பிறகுதான் வைஃபை அடாப்டராக மாறும்.

உள்ளே உள்ள கார்டையே மாற்றுவதென்றால், பணம் கொடுப்பதற்கு முன் அடிமூடியைத் திறந்து கார்டு கழற்றக்கூடியதா என்று பாருங்கள். பல மெல்லிய லேப்டாப்களில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சமீபத்திய மாடல்களில் 22 மிமீ அகலம், 30 மிமீ நீளமுள்ள எம்.2 கார்டு இருக்கும். இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் அவற்றுக்கென வடிவமைத்த இன்டெல் லேப்டாப்களில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி லேப்டாப்பில் அதே துளையில் அழகாகப் பொருந்தும், ஆனால் உயிர் வராது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 அப்படியல்ல, பொதுவானவை. சில பழைய லெனோவோ, எச்பி மாடல்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் கணினியைத் திறக்கவே விடாது. அவற்றுக்குப் பழைய கார்டின் அதே பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கறுப்பு, வெள்ளை ஆன்டெனா வயர்கள் எந்த முனையில் இருந்தன என்று படம் எடுத்துக்கொண்டு, நகத்தால் நேராக மேலே தூக்கிக் கழற்றுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் முனை நசுங்கும். பொருத்தும்போது ‘டிக்’ என்று அமரும் வரை நேராக அழுத்துங்கள். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தும் புதுக் கார்டு ஒரு கோடு சிக்னல்தான் காட்டுகிறது என்றால் கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அந்த இரண்டு வயர்களில் ஒன்று சரியாக அமரவில்லை.